மேல்சித்தாமூர் மடமும் திருநாதர்குன்றும்: பிள்ளைகளோடு போய்வர ஒரு நாள்

தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் விழுப்புரம் மாவட்டத்து மேல்சித்தாமூரில் இருக்கிறது. ஜினகாஞ்சி மடம் என்று பெயர். இதனுடன் சேர்த்துப் பார்க்க ஏற்ற இடம் செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்று. இரண்டு இடங்களே ஒரு நாளுக்குப் போதும். செஞ்சி வரை போகிறோமே, கோட்டையையும் பார்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கோட்டையின் உயரமான குன்றான ராஜகிரியில் ஏறி இறங்கினால் அரை நாள் போய்விடும். அதன்பிறகு பிள்ளைகள் எதையும் பார்க்கும் நிலையில் இருக்கமாட்டார்கள். கோட்டைக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

முதலில் குன்று, பிறகு மடம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். சென்னையிலிருந்து காரில் வருபவர்கள் விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி, திண்டிவனத்தில் காலை உணவை முடித்துக்கொண்டால் 8 மணி சுமாருக்குக் குன்றடியில் இருக்கலாம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி 28 கி.மீ. பேருந்தில் வந்தால் செஞ்சியில் இறங்கி, இரண்டு இடங்களுக்கும் காத்திருந்து கூட்டிப்போக ஓர் ஆட்டோவைப் பேசிக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பேருந்தை நம்பினால் பாதி நாள் நிறுத்தத்திலேயே கழியும்.

குன்று உயரமில்லை. ஆனால் வழியில் நிழல் குறைவு, 10 மணிக்கு மேல் பாறை சுடும். சிற்பங்களுக்கு அருகில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதால் பிள்ளைகளுக்குப் பருத்திக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். மழை பெய்த மறுநாள் பாசி வழுக்கும், அன்று போகாதீர்கள்.

மேலே ஒரே பாறையில், வரிசைக்குப் பன்னிருவராக, சமணர் வணங்கும் அருளாளர்களான 24 தீர்த்தங்கரர்களைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். செதுக்கல் ஆழமில்லை. வெயில் நேராக விழும்போது உருவங்கள் தட்டையாகிவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் முகமும் தலைக்குமேல் உள்ள முக்குடையும் (மூன்றடுக்குக் குடை) எழுந்து நிற்கும். காலையில் வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பாறை நிழலில் இருந்தால் டார்ச்சை ஓரத்திலிருந்து சாய்த்துப் பிடியுங்கள்.

அருகிலேயே 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு (நோன்பிருந்து உயிர்நீத்தவரின் நினைவுக் கல்வெட்டு) இருக்கிறது. காலம் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டு. எழுத்து, வட்டெழுத்தாக (பழந்தமிழ் எழுத்து வகை) மாறிக்கொண்டிருந்த நிலையில் உள்ளது. தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் தெரிந்த எழுத்தைத் தேடச் சொன்னால் அரை மணி நேரம் ஓடிவிடும். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் பூசக்கூடாது. எண்ணெய் கல்லின் நுண்துளைகளில் இறங்கித் தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பிறகு கழுவினாலும் போகாது. பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னங்களைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

9.30க்குள் இறங்கிவிடுங்கள். மேல்சித்தாமூர் திண்டிவனம் – செஞ்சி சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அறுவடைக் காலத்தில் கிராமச் சாலைகளில் தானியம் உலர்த்துவார்கள். அதன்மேல் வண்டியை ஏற்றாமல் ஓரம்கட்டி மெதுவாகப் போங்கள்.

ஊருக்குள் ஏழுநிலைக் கோபுரம்தான் அடையாளம். அது 23ஆம் தீர்த்தங்கரரான பார்சுவநாதரின் கோயில். ஆனால் நேரத்தை அதிகம் செலவிட வேண்டியது மலைநாதர் கோயிலில். அங்கே ஒரு பாறையில் 9ஆம் நூற்றாண்டு வாக்கில் வடித்த உருவங்கள் உள்ளன. யார் யார் என்று கண்டுபிடிப்பது எளிது: காலைச் சுற்றிக் கொடி படர்ந்திருந்தால் முதல் தீர்த்தங்கரரின் மகன் பாகுபலி, தலைக்குமேல் பாம்புப் படம் விரிந்திருந்தால் பார்சுவநாதர், அருகில் சிங்கமும் குழந்தைகளும் இருந்தால் அம்பிகா இயக்கி (காவல் பெண் தெய்வம்). இந்த மூன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பிள்ளைகளே மற்றவர்களுக்கு விளக்குவார்கள்.

கோயில் பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் சாவி யாரிடம் என்று சொல்வார்கள். நண்பகலில் நடை சாத்தும் வழக்கம் உண்டு என்பதால் 11 மணிக்குள் உள்ளே போய்விடுவது நல்லது. தோல் பெல்ட், தோல் பர்ஸ், தோல் கைப்பை எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும். படம் எடுக்குமுன் கேளுங்கள், கருவறையை எடுக்காதீர்கள்.

மடத்தின் தலைவர் பட்டாரகர். இலட்சுமிசேனர் என்பது பட்டத்தோடு வரும் பெயர். பேச்சில் "சுவாமிகள்" என்றால் போதும். மடத்து ஓலைச்சுவடிகளைப் பார்க்க ஆசைப்பட்டால் முன்கூட்டியே அனுமதி கேட்டு வைக்க வேண்டும், வாசலில் நின்று கேட்டால் நடக்காது. காட்டினாலும் கண்ணால் பார்ப்பதோடு சரி. விரல் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் ஓலைக்கு ஆகாது.

சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். மடத்து வளாகத்தில் அசைவமும் முட்டையும் கூடவே கூடாது. பூண்டு, வெங்காயம், கிழங்கு, தேன் ஆகியவற்றையும் சமண ஒழுக்கம் விலக்குகிறது, ஆகவே புளிசாதமும் தயிர்சாதமும் கட்டுவது சுலபம். தயிர்சாதத்தைப் பால் ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேருங்கள். மதியம் பிரிக்கும்போது புளிக்காமல் இருக்கும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போவது உசிதம். ஏப்ரல் வாக்கில் நடக்கும் தேர்த்திருவிழா பார்க்க வேண்டியதுதான், ஆனால் கூட்டத்தில் சிற்பங்களை நின்று நிதானமாகப் பார்க்க முடியாது. 2 மணிக்குக் கிளம்பினால் மாலை நெரிசலுக்குமுன் சென்னை எல்லையைத் தொட்டுவிடலாம்.