முன்வார்ப்புப் பாலத்தூண்: இணைப்பிலிருந்து தொடங்குங்கள்

நிலநடுக்கத்தின்போது பாலத்தூண் மிக அதிகமாக வளைபடுவது அதன் இரு முனைகளில். முன்வார்ப்பு முறையில், அதாவது கான்கிரீட் துண்டுகளை முன்பே வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் முறையில், துண்டுகளைச் சேர்ப்பதும் அதே இடத்தில்தான். அதனால் தூணுக்கு முன் இணைப்பை வரையுங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிராண்ட் மவுண்ட் என்ற ஊரில் ஐ-5 நெடுஞ்சாலைக்கு மேலே கட்டிய பாலத்தின் முறையையே இங்கே பின்பற்றுகிறேன்.

படி 1: எது சேதமடையலாம் என்று முடிவு செய்யுங்கள். தூணின் முனை வளையட்டும். அடித்தளமும் தலை உத்திரமும் (தூண்களின் மேல் கிடையாக அமரும் உத்திரம்) தப்ப வேண்டும். தூணின் கம்பி எதிர்பார்த்ததைவிட வலுவாக அமைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இங்கே அதுவே வம்பு: தூண் வளையாமல் உத்திரத்தை உடைக்கும். எனவே தூணின் வளைவுத் திறனை, அமெரிக்க விதிப்படி, ஏ706 வகைக் கம்பிக்கு (நிலநடுக்கப் பகுதிகளில் பயன்படும் ஓர் அமெரிக்கத் தர வகை) 1.2 ஆல் பெருக்கி, அந்தச் சுமைக்கு உத்திரத்தை வடிவமையுங்கள்.

படி 2: அடிமுனை. தூணைக் குழியில் நிறுத்தி, தூக்குக்குண்டு பார்த்து, முட்டுக் கொடுத்து, சுற்றிலும் அடித்தளக் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றுங்கள். தூணிலிருந்து ஒரு கம்பிகூட வெளியே நீளாது. தூணின் அடிப்பகுதியைச் சொரசொரப்பாக வார்ப்பதுதான் பிடிப்பு. அதை வரைபடத்தில் எழுத மறக்காதீர்கள்.

படி 3: தலைமுனை. மெல்லிய கம்பிகள் பல வேண்டாம். பருமனான கம்பிகள் சில போதும். உத்திரத்தில் அகலமான நெளிவுத் தகட்டுக் குழாய்களைப் பதித்து, தூணின் கம்பிகள் அவற்றுள் நுழையும்படி உத்திரத்தை இறக்கி, கிரவுட் (இடைவெளியை நிரப்பும் சிமென்ட் குழம்பு) நிரப்புங்கள். முப்பது கம்பிகளை முப்பது குறுகிய துளைகளில் ஒரே நேரத்தில் நுழைக்கச் சொன்னால் கிரேன் ஓட்டுநர் உங்களை என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 4: ஆடிய தூண் நிமிர வேண்டும். இது கிராண்ட் மவுண்டில் இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சோதித்த முறை. தூணின் நடுவே முறுக்கு எஃகு வடங்களை இழுத்துப் பிடித்து வார்க்கிறார்கள். முனைகள் தவிர மற்ற நீளத்தில் வடம் கான்கிரீட்டுடன் ஒட்டாதபடி உறை போடுகிறார்கள். ஏன் உறை? கணக்குப் போடுவோம். 1.2 மீ. அகலத் தூண் 2% சாய்கிறது, அதாவது ஒரு மீட்டர் உயரத்துக்கு 20 மி.மீ. அழுந்தும் பகுதியிலிருந்து வடம் 0.5 மீ. தள்ளி இருந்தால், ஒவ்வொரு முனையிலும் 10 மி.மீ. இடைவெளி திறக்கும், இரண்டும் சேர்ந்து 20 மி.மீ. உறைக்குள் இந்த நீட்சி முழு நீளத்துக்கும் பரவும்; உறையின் நீளம் 5 மீ. என்றால் வடம் 0.4% நீள்கிறது. முன்பே இழுத்து வைத்தது 0.4% என்று கொண்டால் மொத்தம் 0.8%. வடம் மீளாமல் நீளத் தொடங்குவது சுமார் 0.85% அளவில், எனவே தப்பித்தோம். சாய்வு 3% ஆனால் மொத்தம் 1% ஆகி, அந்த வரம்பைத் தாண்டிவிடும். அப்போது உறையை நீட்டுங்கள், அல்லது தொடக்க இழுவையைக் குறையுங்கள்.