ஆஸ்திரேலியா ராயல் கமிஷன் ரிப்போர்ட்டை எப்படி படிக்கிறது, எங்கேருந்து ஆரம்பிக்கிறது

ஸ்கூல், சர்ச், ஆசிரமம், அனாதை இல்லம் மாதிரி இடங்கள்ல குழந்தைங்களுக்கு நடந்த பாலியல் கொடுமைய விசாரிக்க ஆஸ்திரேலியா அரசாங்கம் 2013ல ஒரு ராயல் கமிஷன் (உயர்மட்ட விசாரணைக் குழு) போட்டுச்சு, நீதிபதி பீட்டர் மெக்லெல்லன் தலைமையில அஞ்சு வருஷம் நடந்து 2017 டிசம்பர்ல 17 வால்யூமா ரிப்போர்ட் வந்துச்சு, நெட்ல ஃப்ரீயாவே கிடைக்குது. முதல் வால்யூம்லேருந்து வரிசையா போகாதீங்க, பாதியிலயே விட்டுடுவீங்க.

முதல்ல ஒரே ஒரு கேஸ் ஸ்டடி, அதாவது குறிப்பிட்ட நிறுவனத்தப் பத்தின தனி விசாரணை ரிப்போர்ட், எடுத்துக்கோங்க. மொத்தம் 57 இருக்கு. நான் சொல்றது 21வது, நியூ சவுத் வேல்ஸ்ல மாங்ரோவ் மவுண்டன்ங்கிற இடத்துல இருக்கிற சத்யானந்தா யோகா ஆசிரமம். பீகார் முங்கேர்ல ஆரம்பிச்ச யோகா பரம்பரைதான் அது, குரு சிஷ்யன் பேச்சு, காவி, கீழ்ப்படியறது எல்லாம் நமக்கு தெரிஞ்ச உலகம், அதனால 70, 80கள்ல அங்க பிள்ளைங்கள பெத்தவங்ககிட்டேருந்து பிரிச்சு வளர்த்தாங்கன்னு படிக்கும்போதே அது எங்க போய் முடியும்னு வயிறு கலங்கும்.

பக்கத்துல ஒரு நோட்டு வச்சுக்கோங்க, மூணு கட்டம் போடுங்க: யாருக்கு தெரிஞ்சது, எப்ப தெரிஞ்சது, தெரிஞ்சதும் என்ன பண்ணாங்க. இத மட்டும் நிரப்புங்க, போதும். அடுத்து 28வது கேஸ், விக்டோரியா மாநிலத்துல பல்லாரட் கத்தோலிக்க மறைமாவட்டம், அதுக்கும் இதே மாதிரி போட்டீங்கன்னா மூணாவது கட்டத்துல "பாதிரியார வேற பங்குக்கு (வேற ஊர் சர்ச்சுக்கு) மாத்திட்டாங்க"ன்னு திரும்பத் திரும்ப எழுத வேண்டி வரும், எழுதற கையே நடுங்கிடும். ஒண்ணு கவனிங்க, 28லயும் 35லயும் (மெல்போர்ன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம்) ஆஸ்திரேலிய கத்தோலிக்க சபையோட பெரிய தலைவரா இருந்த கார்டினல் ஜார்ஜ் பெல் சம்பந்தப்பட்ட பகுதிகள, அவர் மேல சிறுவர் பாலியல் வழக்கு கோர்ட்ல நடந்ததால மறைச்சு வச்சிருந்தாங்க, அவர் மேல இருந்த தண்டனைய ஹைகோர்ட் (அங்க அதுதான் உச்ச நீதிமன்றம்) ரத்து பண்ணினதுக்கு அப்புறம் 2020 மே மாசம்தான் முழுசா வெளியிட்டாங்க, அந்த வெர்ஷனத் தேடி எடுங்க.

பாதிக்கப்பட்டவங்க பேரு வர்ற இடத்துல பெரும்பாலும் மூணு இங்கிலீஷ் எழுத்துதான் இருக்கும். அவங்க யாருன்னு கூகுள் பண்ணிப் பார்க்காதீங்க, தயவு செஞ்சு.

அஞ்சாவது வால்யூம் கமிஷனர்கள்கிட்ட தனியா உக்காந்து பேசினவங்களப் பத்தி, 8,000 பேருக்கு மேல. அத ராத்திரி தனியா படிக்க வேணாம், ஒரு நாளைக்கு பத்து பக்கம் போதும், உங்களுக்கே பழசு ஏதாவது மேல வந்துச்சுன்னா மூடி வச்சிட்டு நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட பேசுங்க. வெளிய சொல்றதுக்கே அவங்களுக்கு சராசரியா 23.9 வருஷம் ஆயிருக்கு, பத்து வயசுல நடந்தத முப்பத்தி நாலு வயசுல சொல்றாங்க, "அப்பவே ஏன் சொல்லல"ன்னு கேக்கற ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் இந்த நம்பரத்தான் காட்டுவேன்.

ஸ்கூல் பத்தி மட்டும் வேணும்னா 13வது வால்யூம், மத நிறுவனம்னா 16வது, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்.

பரிந்துரை மொத்தம் 409. எல்லாத்தையும் படிக்கறதுக்கு பதிலா ஒண்ணப் புடிச்சு அது கடைசில என்ன ஆச்சுன்னு துரத்திப் போங்க. உதாரணத்துக்கு 7.4, பாவசங்கீர்த்தனத்துல (பாவத்த பாதிரியார்கிட்ட ரகசியமா ஒத்துக்கறதுல) கேட்டிருந்தாலும் குழந்தை பாதுகாப்பு அதிகாரிகளுக்கு சொல்லியே ஆகணும்ங்கிறது. 2018ல கத்தோலிக்க ஆயர்கள் முடியாதுன்னாங்க, 2019ல விக்டோரியா மாநிலம் சட்டமே போட்டுச்சு, சொல்லலன்னா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். மத்த மாநிலங்கள் என்ன பண்ணுச்சுன்னு அதே நோட்டுல அடுத்த பக்கத்துல எழுதிட்டு வாங்க.