வெறுங்கையோடு யாரையும் அனுப்பாதீர்கள்: சாசா அலுவலகத்தில் சமநீதியோடு வேலை பார்ப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவில் தமிழர் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், லெனேசியா போன்ற ஊர்களிலிருந்து அரசு சமூகநலப் பணிக்கு, குறிப்பாக அரசு உதவித்தொகைகளை வழங்கும் சாசா (தென்னாப்பிரிக்கச் சமூகப் பாதுகாப்பு முகமை) அலுவலகத்துக்கு, புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, தன்னையும் தன் குடும்பத்தையும் காப்பாற்ற முடியாதவருக்கு அரசின் உதவி கிடைக்க வேண்டும் என்கிறது. 195-ஆம் பிரிவு, அரசு ஊழியர் பாரபட்சமில்லாமல், நியாயமாக, சமநீதியோடு சேவை செய்ய வேண்டும் என்கிறது. பயிற்சி வகுப்பில் இவை இரண்டும் மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் கவுன்டரில் நடக்கும் அநியாயங்களில் பெரும்பங்கு, விண்ணப்பம் பதிவாவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. "அந்தச் சான்றிதழ் இல்லையா? கொண்டுவந்துவிட்டு வாங்க" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புகிறோமே, அங்கேதான்.

அப்படி அனுப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். உதவித்தொகை அங்கீகரிக்கப்பட்டால், விண்ணப்பித்த தேதியிலிருந்து கணக்கிட்டுத்தான் பணம் தருவார்கள். தேதி விழாத மாதத்துக்குப் பணம் கிடையாது, பின்னால் கேட்டாலும் வராது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும்; ஆனால் விண்ணப்பமே இல்லையென்றால் நிராகரிப்பும் இல்லை, காரணக் கடிதமும் இல்லை. கடிதம் இல்லாதவர் எதை வைத்து மேல்முறையீடு செய்வார்? இரண்டு டாக்ஸி மாறி வந்த பெண்மணி திரும்பிப் போனதற்கு அலுவலகத்தில் ஒரு தடயமும் இருக்காது. மாத அறிக்கை மட்டும் சுத்தமாக இருக்கும்.

ஆகவே முதல் வழக்கம் இது: கவுன்டருக்கு வந்தவர் கையில் ஏதாவது ஒரு காகிதம் இல்லாமல் வெளியே போகக்கூடாது. விண்ணப்பத்தின் ரசீது, எந்த ஆவணம் குறைகிறது என்று எழுதிய தேதியிட்ட சீட்டு, நிராகரிப்புக் கடிதம் ஆகிய மூன்றில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். சீட்டில் உங்கள் பெயரும் அலுவலக முத்திரையும் இருக்கட்டும். "மேலதிகாரி கேட்டால் சிக்கல்" என்று சிலர் பெயரை விட்டுவிடுகிறார்கள். பெயரில்லாத சீட்டை அடுத்த வாரம் வேறொரு கவுன்டரில் நீட்டினால் மதிக்க மாட்டார்கள்.

ஆவணம் இல்லாதவர் வந்தால்

அடையாள அட்டையோ குழந்தையின் பிறப்புச் சான்றிதழோ இல்லையென்றால் விண்ணப்பிக்கவே முடியாது என்று ஊரில் மட்டுமல்ல, அலுவலகத்துக்குள்ளேயும் சிலர் நம்புகிறார்கள். அது தவறு. 2004-ஆம் ஆண்டின் 13-ஆம் எண் சமூக உதவிச் சட்டத்தின் கீழ் 2008-இல் வந்த விதிகளில் 11(1) என்ற விதி இதற்காகவே இருக்கிறது. இதை அச்சிட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டிய வரிசை இது. விண்ணப்பதாரரிடம் அஃபிடவிட் (சத்தியப் பிரமாண வாக்குமூலம்) வாங்குங்கள். காவல் நிலையத்தில் இதற்குக் காசு கிடையாது, அதைச் சொல்லி அனுப்புங்கள். பிறகு அவரை அறிந்த பொறுப்பான ஒருவரின் உறுதிமொழி வேண்டும்: பள்ளி முதல்வர், சமூகப் பணியாளர், வார்டு கவுன்சிலர், மதகுரு, பாரம்பரியத் தலைவர் போன்றவர்கள் தரலாம். அடுத்து, அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் தரும் உள்துறை அலுவலகமான ஹோம் அஃபேர்ஸில் ஆவணத்துக்கு விண்ணப்பித்திருந்தால் அந்த ரசீது. இவற்றோடு குழந்தையின் கிளினிக் அட்டை, பள்ளி ரிப்போர்ட், ஞானஸ்நானச் சான்று என்று எது கிடைத்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹோம் அஃபேர்ஸில் இன்னும் விண்ணப்பிக்காதவருக்கு மூன்று மாதம் அவகாசம் உண்டு. கடைசித் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பலருக்குப் பணம் நின்றுபோவது இங்கேதான். "மூன்று மாதம்" என்று வாயால் சொன்னது காதில் நிற்பதில்லை, எழுதிய தேதி நிற்கும்.

நம் குடும்பங்களில் அடிக்கடி வரும் சிக்கல் பெயரில்தான். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், கணவரின் இறப்புச் சான்றிதழில் வேறொன்று, பிள்ளைகளின் சான்றிதழில் மூன்றாவது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பெயரை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய காலத்திலிருந்து வரும் வினை இது. தந்தையின் தனிப்பெயர் ஒரு கிளைக்குக் குடும்பப்பெயராகவும், சாதிப்பெயர் இன்னொரு கிளைக்குக் குடும்பப்பெயராகவும் நின்றுவிட்டது. கோயிலில் மட்டும் தாலி கட்டிப் பதிவு செய்யாத கல்யாணங்களும் நிறைய. ஹோம் அஃபேர்ஸ் கணினி "திருமணமாகாதவர்" என்று காட்டும். எதிரே நிற்கும் ஆயா "எங்க வீட்டுக்காரர் போய்ப் பன்னிரண்டு வருஷம்" என்பார்.

இங்கே அவசரப்பட்டு "பொய் சொல்கிறார்" என்று குறிப்பு எழுதாதீர்கள். இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிறந்த தேதி, பிறந்த ஊர், பெற்றோர் பெயர் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால், ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் வாங்கிக் கோப்பில் சேருங்கள். குறிப்பு இப்படி இருக்கட்டும்: "ஹோம் அஃபேர்ஸ் பதிவும் அவருடைய பிறப்புச் சான்றும் பார்த்தேன். குடும்பப்பெயர் எழுத்துக்கூட்டல் வேறுபடுகிறது. பிறந்த தேதியும் பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும் ஒன்றே. கோயில் திருமணம், பதிவில்லை என்கிறார். அஃபிடவிட் இணைப்பு." இதில் உங்கள் அபிப்பிராயம் ஒரு வரியும் இல்லை. பார்த்ததும் கேட்டதும் மட்டுமே. சரிபார்க்கும் அதிகாரி வேறொருவர் என்பதால், அவர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்காமலே முடிவெடுக்கும்படி எழுத வேண்டும்.

கைரேகை இன்னொரு தொல்லை. கரும்புத் தோட்டத்திலும் சலவையிலும் தேய்ந்த விரல்களை இயந்திரம் ஏற்காது. வெதுவெதுப்பான நீரில் கை கழுவச் சொல்லி, துடைத்து, வறண்ட விரலென்றால் கொஞ்சம் க்ரீம் தடவி ஒரு நிமிடம் விட்டுப் பிறகு வையுங்கள். பத்து விரலையும் முயன்று பாருங்கள். அப்படியும் ஆகவில்லையென்றால் அதை எழுதி மேற்பார்வையாளரிடம் கொண்டுபோங்கள். "நாளைக்கு வாங்க" என்றால் நாளைக்கும் அதே விரல்தானே வரும்?

கேட்காததையும் சொல்லுங்கள்

வரிசையில் நிற்பவர் தனக்குத் தெரிந்த ஒரே ஒரு உதவியைத்தான் கேட்பார். எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறோம் என்று சொல்லி, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால், விவரம் தெரிந்தவருக்கே எல்லாம் போய்ச்சேரும்.

அதிகம் விட்டுப்போவது கிராண்ட்-இன்-எய்ட் என்ற துணை உதவித்தொகை. முதியோர் பென்ஷனோ டிசபிலிட்டியோ (ஊனமுற்றோர் உதவித்தொகை) வாங்குகிறவருக்கு, குளிக்கவும் உண்ணவும் இன்னொருவரின் முழுநேரத் துணை வேண்டியிருந்தால், அந்தப் பென்ஷனோடு சேர்த்து இதுவும் கிடைக்கும். படுக்கையில் கிடக்கும் தாயாரைப் பார்க்க வேலையை விட்ட மகள்கள் சாட்ஸ்வொர்த்தில் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. வீட்டில் யாரையாவது தூக்கி உட்கார வைக்க வேண்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முதியோர் விண்ணப்பத்திலும் கேளுங்கள்.

முதியோர் பென்ஷனில் இன்னொரு தவறான நம்பிக்கை: சொந்த வீடு இருந்தால் கிடைக்காது என்பது. குடியிருக்கும் வீடு சொத்துக் கணக்கில் சேராது. வேறு வருமானம் இருந்தால் தொகை படிப்படியாகக் குறையுமே தவிர, உடனே இல்லாமல் போகாது. குழந்தை உதவித்தொகை அப்படியல்ல, வருமான வரம்புக்குள் இருந்தால் முழுத்தொகை, தாண்டினால் ஒன்றுமில்லை. வரம்பு உதவித்தொகையின் 10 மடங்கு, தம்பதியானால் 20 மடங்கு. 2025 ஏப்ரலில் தொகை 560 ரேண்ட் ஆனபோது, தனியாக வளர்ப்பவருக்கு மாதம் 5,600, தம்பதிக்கு 11,200 ரேண்ட் என்று வரம்பு வந்தது. ஆண்டுதோறும் தொகை மாறும்போது நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

குழந்தையை யார் நாள்தோறும் பார்த்துக்கொள்கிறாரோ அவருக்கே இந்தப் பணம். அப்பாவாகவோ பாட்டியாகவோ இருக்கலாம், பெற்ற தாய்தான் வர வேண்டும் என்று கேட்காதீர்கள். தாய்தந்தை இழந்த குழந்தையை உறவினர் வளர்த்தால், 2022 முதல் கூடுதலாகப் பாதித் தொகை உண்டு. வளர்ப்புக் குழந்தை உதவித்தொகைக்கு முதலில் குழந்தைகள் நீதிமன்ற ஆணை வேண்டும், அது வர நாளாகும். அதற்குள் குழந்தை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைச் சொல்லாமல் விட்டால் அந்த வீடு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

டிசபிலிட்டியில் உங்கள் கண்ணை நம்பாதீர்கள். நடந்து வந்தார், அதனால் ஊனமில்லை என்று முடிவு கட்டுவது உங்கள் வேலை அல்ல. அதை மருத்துவ மதிப்பீடு சொல்லும். அதே நேரம், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருப்பது மட்டும் போதாது, குறைந்தது ஆறு மாதம் வேலை செய்ய முடியாத நிலை வேண்டும் என்பதை முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். விளக்கம் கேட்டபிறகும் விண்ணப்பிக்க விரும்பினால் பதிவு செய்யுங்கள்.

இந்தியாவுக்குக் கோயில் யாத்திரையோ பேரன் கல்யாணமோ என்று கிளம்பும் முதியோரிடம் ஒன்று சொல்லுங்கள்: 90 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் பென்ஷன் நின்றுபோகலாம். தொடர்ந்து மூன்று மாதம் பணத்தை எடுக்காவிட்டாலும் அதே கதி. புறப்படும் முன் அலுவலகத்துக்குத் தெரிவிக்கட்டும்.

கவுன்டருக்கு அப்பால்

இந்த நாட்டில் பென்ஷன் இனவாரியாகப் பிரிக்கப்பட்டு வந்தது. 1928-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் இடமே இல்லை. 1944-இல் சேர்த்தார்கள், குறைந்த தொகையோடு. எல்லோருக்கும் ஒரே தொகை என்று ஆனது 1993-இல்தான். இன்று வரிசையில் நிற்கும் முதியோர் பலர் தம் பெற்றோர் குறைவாக வாங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்கள் தயங்கித் தயங்கிப் பேசுவதற்குக் காரணம் உண்டு.

அந்தக் காயம் நமக்கு இருக்கிறது என்பதால்தான் இதைக் கறாராகச் சொல்கிறோம்: தமிழ் அதிகாரி தமிழ் ஆயாவுக்கு நாற்காலி போட்டுவிட்டு, பாட்டில்பிரஷ் குடிசைப்பகுதியிலிருந்து வந்த ஜூலு கோகோவை (பாட்டியை) நிற்க வைத்தால் அது பழைய அநீதியின் மறுபதிப்பு. 2021 ஜூலைக் கலவரத்தில் இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் மோதல் மூண்டு உயிர்கள் போன ஃபீனிக்ஸில் இதை எல்லோரும் கவனிக்கிறார்கள். "சவுபோனா, கோகோ" (வணக்கம், பாட்டி) என்று தொடங்கும் அளவுக்காவது ஜூலு கற்றுக்கொள்ளுங்கள். வருமானம், குடும்பம், நோய் பற்றிய கேள்விகளை ஜூலுவில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் மட்டுமே சரளமாக வரும் முதியவருக்குத் தமிழில் விளக்குவதில் தவறில்லை. அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவு தமிழையும் மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆனால் கூட வந்த பேரக்குழந்தையையோ பக்கத்து வீட்டுக்காரரையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பணத்தைப் பிடுங்குகிறவரே பக்கத்தில் நிற்கலாம், அவர் முன்னால் யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

அப்படிப் பிடுங்குவது புதிதல்ல. வட்டிக்காரர் உதவித்தொகைக் கார்டையும் பின் நம்பரையும் வைத்துக்கொண்டிருந்தால் அது தேசியக் கடன் சட்டப்படி குற்றம். "கார்டு உங்க கையில் இருக்கா?" என்று தனியாகக் கேளுங்கள். இல்லையென்றால் கார்டை மாற்றவும் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவும் உடனிருந்து உதவுங்கள். முதியவரையோ குழந்தையையோ யாராவது துன்புறுத்துவதாகத் தெரிந்தால் புகார் செய்வது சமூகப் பணியாளரின் சட்டக் கடமை, விருப்பம் அல்ல. குழந்தை விஷயத்தில் படிவம் 22-இல் புகார் எழுத வேண்டும்.

வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வேலைக்கு ஒரு சின்ன யோசனை: புரட்டாசி மாதம் சனிக்கிழமை காலையில் போகாதீர்கள், பூஜையும் விரதமுமாக இருப்பார்கள். தேநீர் கொடுத்தால் குடியுங்கள். பொருளோ பணமோ வேண்டாம். வேலைக்கு ஈடாக எதையும் பெறக்கூடாது என்பது அரசுப்பணி விதி. சொந்தக்காரர், கோயில் கமிட்டிக்காரர், சம்பந்தி வீட்டார் கோப்பு வந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு வேறொருவருக்கு மாற்றுங்கள். சிறிய ஊரில் இது வாரம் ஒருமுறை நடக்கும், அதற்காக முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும்.

நிராகரித்தால்

கடிதத்தில் "தகுதி இல்லை" என்று ஒரு வரி போதாது. எந்த வரம்பு, அவருடைய தொகை எவ்வளவு, எந்த ஆவணத்திலிருந்து அந்த எண் வந்தது என்று மூன்றும் வேண்டும். மேல்முறையீடு சமூக உதவி மேல்முறையீட்டுக்கான சுயாதீனத் தீர்ப்பாயத்துக்கு, 90 நாளுக்குள். கடிதத்தின் மேல் மூலையில் அந்த 90-ஆவது நாளின் தேதியை நீங்களே பேனாவால் பெரிதாக எழுதுங்கள். நாள் எண்ணும்போது மாதம் மூன்று என்று தோராயமாகப் போட்டால் ஒன்றிரண்டு நாள் தவறிவிடும், காலண்டரில் எண்ணுங்கள். மேல்முறையீட்டுப் படிவத்தை அதே உறையில் வையுங்கள், நிரப்பத் தெரியாதவருக்கு வரச் சொல்லி ஒரு நாள் குறித்துக் கொடுங்கள். அந்த நாளில் நீங்கள் லீவு என்றால், யாரிடம் கேட்க வேண்டும் என்ற பெயரும் கவுன்டர் எண்ணும் உறையின் மேலேயே இருக்கட்டும்.