ஏர்டேபிளில் தகவலைக் கொட்டும் முன் பத்து வரி போதும்

ஏர்டேபிள் போன்ற கோடிங் தேவைப்படாத டேட்டாபேஸ் கருவியில் உண்மையான தகவலை ஏற்றும் முன், வாடிக்கையாளர், ஆர்டர் என்று இரண்டு டேபிள் போட்டு, பத்துப் பத்து வரி நிரப்பி, ஒவ்வொரு ஆர்டரையும் அதன் வாடிக்கையாளரோடு இணைத்து, சி.எஸ்.வி. கோப்பாக (எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு) வெளியே எடுத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் டேபிளின் இரண்டு வரியில் வேண்டுமென்றே ஒரே பெயரை வையுங்கள்.

திரையில் இணைப்பு பிரமாதமாக இருக்கும். ஆனால் சி.எஸ்.வி.யில் அது வெறும் எழுத்துதான். ஆர்டருக்கு நேராக 'குமார்' என்று மட்டும் வரும். எந்தக் குமார்? அது கோப்பில் இருக்காது. இணைத்த வரியின் முதல் பத்திதான் (column) அங்கே வருகிறது என்பதால், பெயருக்குப் பதில் தானாக ஏறும் எண்ணை முதல் பத்தியாக வைத்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. அப்புறம், வரியில் ஏற்றிய படங்களும் கோப்பாக வராது, லிங்க்காகத்தான் வரும்.

ஏர்டேபிளின் இலவசத் திட்டத்தில் ஒரு பேஸுக்கு (டேபிள்கள் அடங்கிய ஒரு டேட்டாபேஸ்) 1,000 வரிதான், அதுவும் எல்லா டேபிளையும் சேர்த்து. ஆகவே தகவலை எடுத்துக்கொண்டு அங்கிருந்து வெளியேறும் நாள் நினைப்பதைவிடச் சீக்கிரம் வரும்.

ஒரே டேபிளில் முடிகிற பட்டியலுக்கு இந்தச் சோதனை வேண்டாம். அதற்கு எக்செல்லே போதும். ஏற்கெனவே இருக்கும் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸின் மேல், ஏர்டேபிள் மாதிரியான நோகோடிபி கருவியைப் பொருத்தியிருந்தாலும் தேவையில்லை: அங்கே ஒவ்வொரு வரியின் அடையாள எண்ணும் அடியில் உள்ள டேட்டாபேஸிலேயே இருக்கும்.