முகாம் முடிந்தபின் எழுதும் மீள்பார்வை: சேலத்து மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் என்ற கணக்கில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் தங்க வேண்டும். இந்த உழைப்பெல்லாம் கடைசியில் ஓர் அறிக்கையாகவும், சில துறைகளில் தனியே ஒரு மீள்பார்வைக் கட்டுரையாகவும் தாளில் வந்து சேர்கிறது. அறிக்கை எழுத யாரும் பெரிதாகச் சிரமப்படுவதில்லை. எத்தனை மரக்கன்று, எத்தனை பேர், தொடக்க விழாவுக்குத் தலைமை யார், நன்றியுரை யார் என்று வரிசையாக எழுதிவிடலாம். மீள்பார்வை என்றதும்தான் பேனா நின்றுவிடுகிறது. நின்ற பேனாவை நகர்த்தப் பலரும் கையாளும் வழி, அதே அறிக்கையை எடுத்து நடுநடுவே ‘மனநிறைவு அடைந்தோம்’ என்று சேர்த்துவிடுவது.

அறிக்கை அன்று நடந்ததைச் சொல்கிறது. மீள்பார்வை, அதற்குப் பிறகு அந்த இடத்தில் என்ன ஆயிற்று என்பதையும், அதைக் கண்டபின் நாம் முன்பு எண்ணியிருந்ததில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே எழுத உட்காரும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, பணி செய்த இடத்துக்கு இன்னொரு முறை போய் வருவதுதான். இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் மற்றவை எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

முகாமிலேயே தொடங்கும் குறிப்பேடு

நினைவை மட்டும் நம்பி எழுதினால், எந்த ஊர் முகாமுக்கும் பொருந்தக்கூடிய ஒரு கட்டுரைதான் கிடைக்கும். வருகைப் பதிவேட்டோடு கலக்காத ஒரு சிறு குறிப்பேட்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் கண்டதும் கேட்டதும் இருக்கட்டும். வலப்பக்கத்தில் அப்போது மனத்தில் பட்டது இருக்கட்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின், கலைநிகழ்ச்சி ஒத்திகை தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஊர்க்காரர் சொன்னதை உங்கள் நடைக்கு மாற்றாமல் அவர் சொன்னபடியே எழுதுங்கள். ஏரிக்கரையில் கன்று நட்ட நாளின் குறிப்பு, எடுத்துக்காட்டாக, இப்படி இருக்கலாம்:

“தென்கரையில் வைத்த புங்கன் கன்றுகளுக்குக் கூண்டு வந்து சேரவில்லை. ஆடு ஓட்டி வந்த பாட்டி ஒருவர், ‘இங்க பூரா செடி வச்சிட்டா நாங்க ஆட்ட எங்க கண்ணு ஓட்டுறது?’ என்று கேட்டார். சாரைக் கேட்டுச் சொல்கிறோம் என்றோம். அதற்குள் வேன் வந்துவிட்டது.”

இந்தச் சில வரிகளில் ஒரு முழுக் கட்டுரைக்கான பொருள் இருக்கிறது. அந்தக் கரையில் ஆடு மேய்ப்பவர்கள் யார், இடத்தைத் தேர்ந்தெடுத்தபோது யாரைக் கலந்து பேசினார்கள், பாட்டிக்குப் பதில் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்விகளை இவையே எழுப்புகின்றன. அறிக்கையில் ‘மரக்கன்றுகள் நடப்பட்டன’ என்ற ஒரே வரிக்குள் இவை அனைத்தும் காணாமல் போய்விடும்.

திரும்பிப் போய்ப் பார்ப்பது

பதாகையும் ஒலிபெருக்கியும் இல்லாமல் மூன்று நான்கு பேராகப் போங்கள். கன்று நட்டவர்கள் ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோ போவது நல்லது. உண்மை நிலை அப்போதுதான் தெரியும். சேலம் வட்டாரத்தில் மழை மிகுதியாகப் பெய்வது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில். உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று நட்ட கன்று, அந்த மழை வரும்வரை யாராவது ஊற்றும் தண்ணீரில்தான் பிழைக்க வேண்டும்; பொங்கல் கழித்து நட்டதோ நேராகக் கோடையில் போய் விழுகிறது. நடவு நாளை மழையைப் பார்த்து முடிவு செய்தோமா, விழாவைப் பார்த்து முடிவு செய்தோமா என்பது உங்கள் கட்டுரையில் இடம்பெற வேண்டிய கேள்வி.

உயிரோடு இருப்பவை எத்தனை என்பதோடு எண்ணிக்கையை நிறுத்திவிடாதீர்கள். நின்ற இடத்திலேயே காய்ந்தவை எத்தனை, இடத்திலேயே இல்லாதவை எத்தனை என்றும் பிரித்து எழுதுங்கள். காய்ந்தது பெரும்பாலும் தண்ணீர்க் குறையைக் காட்டும். காணாமல் போனது ஆட்டையோ, வண்டியையோ, அந்த இடத்தில் மரம் வேண்டாம் என்று நினைத்த ஒருவரையோ காட்டும். பிழைத்தவற்றைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரோ, நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களோ குடத்தில் ஊற்றிக் காப்பாற்றியிருந்தால், கட்டுரையில் முதல் இடம் அவர்களுக்கே உரியது.

கண்ணங்குறிச்சி மூக்கனேரியை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2010-ஆம் ஆண்டளவில் நகர மக்கள் ஒன்றுகூடி அந்த ஏரியைச் சீரமைக்கும் பணியைக் கையில் எடுத்து, தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து அவற்றில் மரம் வளர்த்தார்கள். நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த திட்டு, ஆடு மாடு எளிதில் எட்டாத இடம் என்பதைக் கவனியுங்கள். உங்கள் கரையில் கூண்டு செய்ய வேண்டிய வேலையை அங்கே இடத்தின் அமைப்பே பெருமளவு செய்துவிடுகிறது. இத்தகைய ஒப்பீடு ஒன்று இருந்தால் கட்டுரைக்குக் கனம் கூடும்.

திரும்பிப் போனால் சில நேரம் நம் வேலையின் தடயமே இருக்காது. சேர்வராயன் மலைப்பகுதியில் உற்பத்தியாகும் திருமணிமுத்தாறு, நகருக்குள் வரும்போது சாக்கடைநீரையும் சாயக்கழிவையும் சுமந்துகொண்டு போகிறது. அதன் கரையில் ஒரு காலை நேரம் முழுவதும் குப்பை அள்ளிய இடம், ஒரு மாதம் கழித்துப் பழையபடியே கிடந்தால் அப்படியே எழுதுங்கள். மேலே இருந்து வருவது நிற்காதவரை கரையில் அள்ளுவது எவ்வளவு தூரம் பயன் தரும், அந்த நேரத்தில் எந்தச் சாக்கடை எந்த இடத்தில் ஆற்றில் கலக்கிறது என்று வரைபடம் போட்டு மாநகராட்சியிடம் கொடுத்திருந்தால் கூடுதல் பயன் கிடைத்திருக்குமா என்று யோசித்து எழுதப்படும் ஒரு பக்கம், வெற்றியை மட்டும் சொல்லும் பத்துப் பக்கங்களைவிட மேலானது. இப்படி எழுதினால் மதிப்பெண் குறைந்துவிடுமோ என்ற அச்சம் மாணவர்களுக்கு இருக்கிறது. படித்துப் பார்க்கும் ஆசிரியர் எவரும் இதற்காகக் குறைக்க மாட்டார். படிக்காமலே மதிப்பெண் போடுபவர் எப்படியும் போடத்தான் போகிறார்.

ஆறு படிகளும் எடை கூட்ட வேண்டிய இடமும்

மீள்பார்வை எழுதக் கல்வித் துறையில் பரவலாகப் பயன்படும் ஒரு முறையை கிரஹாம் கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988-இல் ஆறு படிகளாக வகுத்தார்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தோம், எது நன்றாக அமைந்தது எது அமையவில்லை, ஏன் அப்படி ஆயிற்று, அதிலிருந்து என்ன தெரிகிறது, அடுத்த முறை என்ன செய்வோம். ஆறையும் சம அளவில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. நம் மாணவர்கள் முதல் இரண்டிலேயே முக்கால் பங்கு தாளை நிரப்பிவிட்டு, ‘ஏன்’ என்ற நான்காம் படியை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். என் கருத்தில் கட்டுரையின் பாதி அந்த நான்காம் படிக்கே போக வேண்டும்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அங்கே நெகிழிக் குப்பை பொறுக்கும் பணி பல கல்லூரிகளுக்கும் பழக்கமானது. அதைப் பற்றி வழக்கமாக எழுதப்படும் பத்தி இது: “ஏற்காட்டின் இயற்கை அழகைக் காக்கும் பொருட்டு மாணவர்கள் ஆர்வத்துடன் குப்பைகளை அகற்றினர். பொதுமக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது.” இதில் தவறான செய்தி ஒன்றும் இல்லை; ஆனால் எழுதியவர் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. அதே நாளை இப்படி எழுதலாம்:

“மூட்டைகளைத் தார்ப்பாயில் கொட்டித் தரம் பிரித்தோம். தண்ணீர் பாட்டிலும் தின்பண்ட உறையும் காகிதக் கப்பும், வண்டியை ஓரங்கட்ட இடமுள்ள வளைவுகளிலேயே குவிந்திருந்தன; ஓரங்கட்ட முடியாத வளைவுகளில் மிகக் குறைவு. தொட்டி வைத்திருந்த ஓரிடத்தில் மூடி இல்லாததால் குரங்குகள் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டிருந்தன. நாங்கள் பிடித்திருந்த பதாகை ‘குப்பை போடாதீர்’ என்றது. எங்கே போடுவது என்பதை அது சொல்லவில்லை. அந்தப் பதாகையும் பிளக்ஸ்தான்.”

பின்னதில் காரணம் தேடும் முயற்சி இருக்கிறது. பயணிகளின் பொறுப்பின்மை என்று பழியைப் போட்டுவிட்டு நகராமல், வண்டி நிற்கும் இடம், தொட்டியின் மூடி, குரங்கு, பதாகையின் வாசகம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. இதற்கு மேலும் இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம். பிரித்துக் கட்டிய மூட்டைகள் அதன்பின் எங்கே போயின? அன்று மதியச் சாப்பாடும் தண்ணீரும் எதில் வந்தன? தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. துப்புரவுப் பணிக்குப் போன குழுவின் சாப்பாட்டுப் பொட்டலத்திலேயே அந்தப் பொருள் இருந்தால் அதையும் எழுதுவதே நேர்மை.

‘விழிப்புணர்வு ஏற்படுத்தினோம்’ என்ற தொடரைக் கட்டுரையிலிருந்து முழுவதும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் எதிரில் இருந்தவர் என்ன சொன்னார் என்பதை எழுதிப் பாருங்கள். பழைய பேருந்து நிலையம் அருகே வ.உ.சி. பூ மார்க்கெட்டில் மஞ்சப்பை பற்றிப் பேசப் போனபோது, பூக்கார அக்கா, “வாங்குறதே இருபது ரூபாய்க்கு, அதுக்குப் பத்து ரூபாய் பை போட்டா எனக்கு என்னப்பா நிக்கும்?” என்று கேட்டால், விழிப்புணர்வு பெற வேண்டியவர் அவரா நாமா என்பது விளங்கிவிடும். வாழையிலையில் கட்டிக் கொடுப்பது இன்னும் வழக்கத்தில் இருக்கிறதா, எந்த வாடிக்கையாளர் அதை வேண்டாம் என்கிறார் என்று அடுத்த கேள்விகள் தாமாகவே வரும்.

பதினேழு இலக்குகளை ஒட்டவைக்கும் பழக்கம்

ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் ஏற்ற நீடித்த வளர்ச்சிக்கான 17 இலக்குகளின் வண்ணக் கட்டங்களை அட்டையில் ஒட்டாத அறிக்கையே இப்போது கிடையாது. ஒரே முகாமுக்கு எட்டு ஒன்பது கட்டங்கள் ஒட்டப்பட்டிருப்பதும் உண்டு. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குள் இறங்கிப் பாருங்கள். 17 இலக்குகளுக்குக் கீழே 169 உள் இலக்குகள் இருக்கின்றன. 12-ஆம் இலக்கில் 12.5 என்ற பிரிவு, குப்பை உருவாவதையே குறைக்கச் சொல்கிறது. வளைவில் கிடந்த பாட்டிலைப் பொறுக்கியது நல்ல வேலைதான் என்றாலும், பாட்டில் வாங்கப்படுவது அதனால் குறையவில்லை, அதை 12.5-இன் கீழ் காட்டுவது பொருந்தாது. மாறாக, மலையில் உண்ணிச்செடிப் புதரை அகற்றியிருந்தால், அயல் ஊடுருவித் தாவரங்களைப் பற்றிய 15.8 அதற்கு நேராகப் பொருந்தும். எது பொருந்தவில்லை என்று எழுதுவதும் மீள்பார்வையின் ஒரு பகுதிதான்.

ஊர்மக்களைப் பற்றி எழுதும்போது

சேர்வராயன் மலைக் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்த குழுக்கள் ‘மக்களிடம் ஒத்துழைப்பு குறைவு’ என்று எழுதுவதுண்டு. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காப்பி வந்தது முதல், அந்த மலையில் பலருடைய வேலை நாள்களைத் தீர்மானிப்பது தோட்டம்தான். நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் பறிக்கும் பருவம். டிசம்பரில் பகல் பதினொரு மணிக்கு வினாத்தாளோடு போனால் வீட்டில் இருப்பவர்கள் முதியவர்களும் குழந்தைகளும்தான். அப்போது கிடைத்த விடைகளை ஊர் முழுவதன் கருத்தாக எழுதினால் பிழையாகிவிடும். யார் பதில் சொன்னார்கள், யார் வீட்டில் இல்லை, கேள்விகளை நம் வசதிக்கேற்ற நேரத்தில் கேட்டோமா அவர்கள் வசதிக்கேற்ற நேரத்திலா என்பதை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

‘ஒன்றும் அறியாத மலைவாழ் மக்கள்’, ‘வெள்ளந்தியான மனிதர்கள்’ போன்ற தொடர்களைத் தவிர்த்துவிடுங்கள். மிளகுக்கொடியை எந்த மரத்தில் ஏற்றுவது, காப்பிக்கு நிழல் தரும் மரங்களின் கிளைகளை எந்த மாதம் கழிப்பது என்று அறிந்தவர்களிடம் நாம்தான் அறியாதவர்கள். பெயரும் படமும் சேர்ப்பதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். குழந்தைகளின் முகம் தெரியும் படம் தேவையே இல்லை.

உங்களைப் பற்றி எழுதும் பகுதி சிறிதாக இருக்கட்டும். ‘தலைமைப் பண்பு வளர்ந்தது’ என்பது எவருக்கும் பொருந்தும். விடுதியில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்குவதை நிறுத்தினீர்கள் என்றால் அதை எழுதுங்கள். எதுவுமே மாறவில்லை என்றால் அந்தப் பகுதியை விட்டுவிடலாம்.

கட்டுரையை ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிவிட்டு, பிறகு குழுவாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் படித்துக்காட்டுவது நல்லது. ஒரே நாளை இருவர் வேறு வேறாகக் கண்டிருந்தால் இரண்டையும் திருத்தாமல் விட்டுவிடுங்கள். கடைசிப் பக்கத்தில் அடுத்த அணிக்கான செய்தி இருக்க வேண்டும்: தண்ணீர்த் தொட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது, ஊரில் முதலில் யாரைப் பார்க்க வேண்டும், எந்த மாதத்தில் வரக்கூடாது, ஊராருக்கு நாம் கொடுத்துவிட்டு நிறைவேற்றாத வாக்கு எது. ஒரு படியைத் திட்ட அலுவலரிடமும், இன்னொரு படியை முகாம் நடந்த ஊரின் பள்ளியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ கொடுத்து, எழுதியதில் தவறு இருந்தால் திருத்தித் தரும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.