புது டன்ட்ரா வாங்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கேம்பர் ட்ரெய்லரை, அதாவது உள்ளே தங்கும் வசதியுள்ள இழுவண்டியை, இழுத்துக்கொண்டு பிக் பெண்ட் தேசியப் பூங்கா பக்கம் போகலாம் என்று டெக்சாஸில் இருக்கும் என் நண்பர் ஒருவர் டொயோட்டா டன்ட்ரா என்ற பெரிய பிக்அப் டிரக்கை வாங்கினார். விளம்பரத்தில் 12,000 பவுண்டு வரை இழுக்கும் என்று போட்டிருந்தது. அவருடைய கேம்பர் சாமான் எல்லாம் ஏற்றிய பிறகும் 7,000 பவுண்டுதான், அப்புறம் என்ன கவலை என்று நினைத்தார். முதல் பயணத்திலேயே வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து முகப்பு விளக்கு மேலே தூக்கிக்கொண்டது, எதிரே வந்தவர்கள் எல்லாம் லைட் அடித்துக் காட்டினார்கள். வழியில் ஒரு டிரக் ஸ்டாப்பில் இருந்த எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோதுதான், வண்டி தாங்கக்கூடிய அளவைத் தாண்டி ஏற்றியிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது. இத்தனைக்கும் வாங்குவதற்கு முன் இரண்டு மாதம் விமர்சன வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியவர் அவர். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கண்ணில் படுகிற ஒரு சின்ன ஸ்டிக்கரை மட்டும் பார்க்கவில்லை.

டன்ட்ரா 2007-இல் வந்த உருவத்திலேயே 2021 வரை ஓடியது, நடுவில் சின்னச் சின்ன மாற்றங்கள்தான். 2022 மாடலில் சட்டகம், எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஸ்பிரிங், பின்னால் சாமான் ஏற்றும் பெட் என்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். இப்படி அடியோடு மாறிய ஒரு பெரிய பிக்அப்பை மதிப்பிடும்போது எங்கெங்கே சறுக்குகிறோம் என்பதை இந்த வண்டியை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் இதை நான் நெருக்கமாகப் பார்த்திருக்கிறேன். இதில் பெரும்பகுதி ஃபோர்டு, ராம், செவர்லே வாங்குகிறவர்களுக்கும் பொருந்தும்.

முதல் தவறு என் நண்பர் செய்ததுதான், இழுக்கும் திறனை மட்டும் பார்த்துவிட்டு சுமக்கும் திறனை, அதாவது பேலோடை, விட்டுவிடுவது. ட்ரெய்லரை எஞ்சின் இழுக்கிறது, ஆனால் ட்ரெய்லரின் முன்முனை ஹிட்ச்சின், அதாவது வண்டியின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் இணைப்பின், மேல் அழுத்துகிற எடையை வண்டியின் உடம்பு சுமக்கிறது. ஒரு கேம்பரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இப்படி அழுத்த வேண்டும், அதற்குக் குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பித்துவிடும். 7,000 பவுண்டு கேம்பருக்கு 12 சதவீதம் என்று வைத்தால் 840 பவுண்டு. கதவு ஓரத்தில் மஞ்சள் பட்டையோடு ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். அது 1,450 என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் என்றால் 600 பவுண்டு. 840-உம் 600-உம் சேர்ந்தால் 1,440. மிச்சம் 10 பவுண்டு. எடையைப் பிரித்துக் கொடுக்கிற ஹிட்ச் கனமான இரும்பு, அதை மாட்டினாலே கணக்கு தாண்டிவிடும். பெட்டில் ஒரு ஐஸ் பெட்டியும் ஜெனரேட்டரும் வைத்தால் கேட்கவே வேண்டாம்.

ஸ்டிக்கர் எண் வண்டிக்கு வண்டி மாறும் என்பதுதான் இதில் பலருக்குத் தெரியாத விஷயம். டொயோட்டா சொன்ன அதிகபட்ச பேலோட் 1,940 பவுண்டு, அது அதிக வசதிகள் இல்லாத, இரண்டு சக்கர இயக்கம் உள்ள வண்டிக்கு. நாலு சக்கர இயக்கம், கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம், ஹைபிரிட் பாட்டரி என்று ஏற ஏற வண்டியின் சொந்த எடை கூடும், நீங்கள் ஏற்றக்கூடிய எடை குறையும். இழுக்கும் திறனும் அப்படித்தான், 12,000 என்பது எல்லா டன்ட்ராவுக்குமான எண் இல்லை. அதிக விலை கொடுத்தால் அதிகம் சுமக்கும் என்று நம்பி மேல் ட்ரிம், அதாவது வசதிகள் கூடிய வகை, எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அங்கே நடப்பது நேர்மாறு.

கேம்பர் விற்பவர் சொல்லும் எடையையும் அப்படியே நம்பாதீர்கள், அது பெரும்பாலும் காலி எடைதான். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டியை நிரப்பினாலே 330 பவுண்டு ஏறிவிடும். பாத்திரம், போர்வை, சமையல் வாயு சிலிண்டர் எல்லாம் அதற்கு மேல்.

இரண்டாவது தவறு பழைய வண்டியின் பெயரைப் புது வண்டியின் தலையில் கட்டுவது. முந்தைய தலைமுறை டன்ட்ராவுக்கு உழைப்பாளி என்ற பெயர் சும்மா வரவில்லை. லூசியானாவில் ஒருவர் தன் 2007 டன்ட்ராவில் 10 லட்சம் மைல் ஓட்டி முடித்தார். 2016-இல் டொயோட்டாவே அந்த வண்டியை வாங்கிக்கொண்டு அவருக்குப் புது டன்ட்ரா கொடுத்தது. சரி, ஆனால் 2022-இல் வந்த வண்டி அது இல்லை. 381 குதிரைத்திறன் தந்த 5.7 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை எடுத்துவிட்டு, இரண்டு டர்போ வைத்த சின்ன வி6 எஞ்சினை வைத்தார்கள். திறன் 389 ஆகக் கூடியது (அடிமட்ட ட்ரிம்மில் மட்டும் 348), முறுக்குவிசை 401-லிருந்து 479 பவுண்டு-அடிக்கு ஏறியது, கியர் ஆறிலிருந்து பத்தானது. காகிதத்தில் மட்டுமில்லை, மேட்டில் ஏறும்போது நிஜமாகவே வித்தியாசம் தெரிகிறது. பழைய வி8 கத்திக்கொண்டு ஏறிய இடத்தில் இது அலட்டிக்கொள்ளாமல் ஏறுகிறது.

ஆனால் புது எஞ்சின் என்றால் அதைச் செய்கிற முறையும் புதிது. 2024 மே மாதம் டொயோட்டா அமெரிக்காவில் 1,02,000 வண்டிகளைக் குறை சரிசெய்வதற்காகத் திரும்ப அழைத்தது. 2022, 2023 டன்ட்ராக்களும், அதே எஞ்சின் உள்ள லெக்சஸ் எல்எக்ஸ் வண்டிகளும் அதில் அடக்கம். தொழிற்சாலையில் எஞ்சினைக் கடைந்தபோது விழுந்த உலோகத் துகள்கள் முழுதாக வெளியேற்றப்படாமல் உள்ளேயே தங்கிவிட்டன. அவை எஞ்சினின் சுழலும் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்கில் சிக்கினால் எஞ்சின் தட்டும், ஒழுங்கில்லாமல் ஓடும், ஓடும்போதே நின்றும் போகலாம். எஞ்சினையே மாற்றிக் கொடுப்பது என்று பிறகு முடிவெடுத்தார்கள். பொறுப்பை ஏற்று எஞ்சின் மாற்றித் தருவது பெரிய விஷயம்தான், அதற்காக ஒரு நிறுவனத்தை மதிக்கலாம். ஆனால் முதல் வருடமே வரிசையில் நின்று வாங்கியவர்கள் வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுக் காத்திருந்த நாட்களை யார் திருப்பித் தருவார்கள்? அடியோடு மாறிய எந்த டிரக்கானாலும் அவசரம் இல்லாதவர்கள் முதல் மாடல் வருடத்தைத் தவிர்த்துவிட்டு, இரண்டாவது மூன்றாவது வருடத்தில் வாங்குவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பழைய வண்டியாக 2022 அல்லது 2023 டன்ட்ரா பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். விலை குறைவாகத் தெரியும், மனசு சபலப்படும். வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் போட்டால், சரிசெய்யாமல் நிலுவையில் இருக்கும் அழைப்புகள் இலவசமாகத் தெரிந்துவிடும். எஞ்சின் மாற்றப்பட்டதா, எப்போது, எத்தனை மைலில் என்று சர்வீஸ் தாள்களைக் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

அடுத்தது ஹைபிரிட். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாந்து போகிறார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஹைபிரிட் என்றதும் நமக்கு பெட்ரோலை மிச்சப்படுத்தும் பிரியஸ் கார் ஞாபகம் வந்துவிடுகிறது. டன்ட்ராவில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒரு மின்மோட்டாரை வைத்திருக்கிறார்கள், அதன் வேலை முதலில் பலம் கூட்டுவது. 437 குதிரைத்திறன், 583 பவுண்டு-அடி முறுக்குவிசை. 2022 மாடலின் இரண்டு சக்கர இயக்க வண்டிகளில் அரசு மதிப்பீடு சாதாரண எஞ்சினுக்கு கேலனுக்கு 20 மைல், ஹைபிரிட்டுக்கு 22 மைல். வருடம் 15,000 மைல் ஓட்டினால் 750 கேலனுக்குப் பதில் 682 கேலன் ஆகும். கேலன் மூன்றரை டாலர் என்று வைத்தாலும் வருடத்துக்கு 240 டாலர் அளவுக்குத்தான் மிச்சம். பாட்டரி பின் இருக்கைக்குக் கீழே போவதால் அங்கே இருக்க வேண்டிய சாமான் இடமும் போய்விடும். அடிக்கடி கனமான ட்ரெய்லரை மலைப்பாதையில் இழுப்பவர் என்றால் தயங்காமல் எடுக்கலாம், பெட்ரோல் செலவு குறையும் என்பதற்காக எடுக்காதீர்கள்.

ஹைபிரிட் என்றால் மின்சாரம் போனபோது வீட்டுக்கு உதவும் என்று நினைப்பதும் இதோடு சேர்ந்த தவறு. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்துபோய் மின்சாரம் நின்றபோது ஃபோர்டு எஃப்-150 ஹைபிரிட் டிரக்குகள் ஜெனரேட்டராக வேலை செய்த செய்தி பரவியது, டீலர்கள் கையிலிருந்த வண்டிகளை மக்களுக்குக் கொடுத்து உதவும்படி ஃபோர்டு கேட்டுக்கொண்டது. அந்த வண்டியில் 7.2 கிலோவாட் வரை எடுக்கிற வசதி இருந்தது. 2022 டன்ட்ராவின் பெட்டில் வந்த ப்ளக் 400 வாட்டுக்கானது, போன், லேப்டாப், சின்ன விளக்கு இவற்றுக்கு ஆகும், ஃபிரிட்ஜை நம்பி மாட்ட முடியாது. இரண்டு வண்டிக்கும் ஹைபிரிட் என்ற ஒரே பெயர் என்பதால் இரண்டும் ஒரே வேலை செய்யும் என்று ஆகாது.

மைலேஜ் பற்றி இன்னொன்று. அரசு மதிப்பீடு ட்ரெய்லர் இல்லாமல் எடுத்தது. பெட்டி மாதிரி உயர்ந்த கேம்பரைக் கட்டினால் காற்று எதிர்த்துத் தள்ளும், டர்போ எஞ்சின் குடிக்க ஆரம்பிக்கும், மைலேஜ் பாதியாக இறங்கினால் ஆச்சரியப்படாதீர்கள். அதனால் நீண்ட பயணம் போகிறவர்கள் டாங்க் அளவைப் பாருங்கள், 2022 மாடலில் 22.5 கேலன், 32.2 கேலன் என்று இரண்டு அளவு இருந்தது.

பின் ஸ்பிரிங் மாறியதையும் டெஸ்ட் டிரைவில் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முன்பு பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் இருந்தது, இப்போது காயில் ஸ்பிரிங். ராம் 1500-இல் 2009 மாடலிலிருந்தே காயில்தான். காலி வண்டியில் துள்ளல் வெகுவாகக் குறைந்து கார் போலப் போகிறது, டீலரைச் சுற்றி பத்து நிமிடம் ஓட்டினால் மனசு அங்கேயே விழுந்துவிடும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் சுமையைப் பற்றி எதுவுமே தெரியாது. எப்போதும் எடை ஏற்றுகிறவர்கள், பின்பக்கத்தை மட்டமாக நிறுத்தும் காற்று சஸ்பென்ஷன் சில ட்ரிம்களில் கிடைக்கிறது, அதைக் கேட்டுப் பாருங்கள். அது வண்டியை மட்டமாக வைக்கும், ஸ்டிக்கர் எண்ணைக் கூட்டாது.

விமர்சனங்களிலும் இதே சிக்கல். புது டிரக் வந்ததும் வருகிற முதல் சுற்று விமர்சனங்கள் பெரும்பாலும் நிறுவனமே ஏற்பாடு செய்த ஓட்டத்தில், மேல் ட்ரிம் வண்டியில், ஒரு நாளில் எடுத்தவை. 14 அங்குலத் திரையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவார்கள், நீங்கள் வாங்கப்போகும் வண்டியில் 8 அங்குலத் திரைதான் இருக்கும். எந்த ட்ரிம், எந்த கேபின், எத்தனை சக்கர இயக்கம் என்று சொல்லாத விமர்சனத்தை நான் பாதியிலேயே மூடிவிடுவேன். பாதுகாப்பு மதிப்பெண்கூட கேபினைப் பொறுத்து மாறலாம். 2015-இல் எஃப்-150 அலுமினிய உடலுக்கு மாறியபோது, முன் ஓர மோதல் சோதனையில் நாலு பெரிய கதவு கேபின் நல்ல மதிப்பெண் வாங்கியது, சின்னப் பின்கதவு கேபின் அதற்கு இரண்டு படி கீழே நின்றது. பெயர் ஒன்று, வருடம் ஒன்று, முடிவு வேறு.

வருடத்தை மட்டும் பார்த்து வாங்குவதும் ஆபத்துதான். செவர்லே சில்வராடோ 2022 என்று இரண்டு வண்டிகள் விற்றன, ஒன்று பழைய உட்புறத்தோடு லிமிடெட் என்ற பெயரில், இன்னொன்று புதுப்பித்தது. புதுப்பித்ததிலும் கீழ் ட்ரிம்களுக்குப் பழைய டாஷ்போர்டுதான். டீலர் '2022 சில்வராடோ, புது டிசைன்' என்று சொன்னால் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து பாருங்கள்.

வண்டியின் நீளத்தை வீட்டுக்கு வந்த பிறகு அளப்பவர்களும் உண்டு. பெரிய கேபினும் ஐந்தரை அடி பெட்டும் உள்ள டன்ட்ரா 233.6 அங்குலம், அதே கேபினில் ஆறரை அடி பெட் எடுத்தால் 245.6 அங்குலம். 20 அடி ஆழமுள்ள கராஜ் என்றால் 240 அங்குலம், ஆக ஒன்று ஒட்டி உரசி நுழையும், இன்னொன்றுக்குக் கதவு மூடாது. சுவரோரம் அலமாரியும் சைக்கிளும் இருந்தால் முதலாவதும் நுழையாது. டேப் வைத்து அளந்து, பின்னால் நடந்து போக இரண்டடி விட்டுக் கணக்குப் போடுங்கள். குழந்தை இருக்கை உள்ளவர்கள் அதையும் கையோடு எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள்.

விலை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022-இல் சிப் தட்டுப்பாடு இருந்த நேரத்தில் நான் போய்ப் பார்த்த ஓர் இடத்தில், நிறுவன விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டி, சந்தை நிலவரம் என்று சொல்லி சில ஆயிரம் டாலரைக் கூட்டியிருந்தார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன். புது டிசைன் வந்த முதல் மாதங்களில் இது நடக்கும், பக்கத்து ஊர்களில் நாலைந்து பேரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். மாதத் தவணையை மட்டும் பேசி ஏழு வருடக் கடனில் தலையைக் கொடுக்காதீர்கள், மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்பதைக் கேளுங்கள்.

அப்படிப் பேசும்போதே, விற்கப்போகும் அதே வண்டியின் அடையாள எண்ணும் கதவு ஓர ஸ்டிக்கரும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை, நான் கேட்டபோது பெரும்பாலும் அனுப்பினார்கள். அது கையில் இருந்தால் குடும்பத்தின் எடை, ட்ரெய்லர் முன்முனையின் எடை, ஹிட்ச்சின் எடை மூன்றையும் வீட்டு மேஜையில் உட்கார்ந்தே கூட்டிப் பார்த்துவிடலாம். கணக்கு இடித்தால் அந்த டீலரிடம் போகவே வேண்டாம்.