கேனுலா போடத் தெரிந்தால் மட்டும் போதுமா? கடைசி வருட நர்சிங் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பயம்தான், "வெயின் கிடைக்கலைன்னா என்ன பண்றது?" கேனுலா (சலைன், மருந்து ஏற்ற வெயினில், அதாவது ரத்தக் குழாயில், செருகும் சிறு குழாய்) போட வந்தால் தயார், வராவிட்டால் தயாரில்லை என்று கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. கைவேலை போகப்போகப் படிந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர்கள் திணறுவது வேறு இடத்தில்: ஒருவருக்கு சலைன் தீர்கிறது, இன்னொருவரைத் தியேட்டருக்கு அனுப்ப வேண்டும், மூலைக் கட்டிலில் இருப்பவருக்கு மூச்சு வாங்குகிறது, முதலில் யாரிடம் போவது? மூச்சு வாங்குபவரிடம்தான். ஆனால் சத்தம் போடுவது என்னவோ சலைன்காரரின் சொந்தக்காரராகத்தான் இருப்பார்.

கேஸ் ஸ்டடிக்காக ஒரே நோயாளியைப் பார்த்துப் பழகியவருக்கு இது அதிர்ச்சிதான். இது உங்களுக்கு மட்டும் வருவதில்லை, அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். எட்டாம் செமஸ்டர் இன்டர்ன்ஷிப்பை லாக்புக் கையெழுத்துக்காக ஓட்டாமல், இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டு, ஸ்டாஃப் மேற்பார்வையில் நான்கைந்து பேரை ஒரு முழு ஷிஃப்டுக்குப் பாருங்கள்.

அடுத்த தவறு, ஹேண்ட்ஓவரில் (ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பது) பின்னால் நின்று கேட்பதோடு சரி, டாக்டருக்குப் போன் பண்ணுவதும் ஸ்டாஃப் வேலை என்று விட்டுவிடுவது. நடுராத்திரியில் "சார், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார்" என்றால் எந்த டாக்டரும் எரிந்துதான் விழுவார். யார், எதற்காக அட்மிட், இப்போது பி.பி., சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) எவ்வளவு, நேரில் வர வேண்டுமா என்ற வரிசையில், ஸ்டாஃப் பக்கத்தில் இருக்கும்போதே நீங்கள் பேசிப் பழகுங்கள்.

மருந்துக் கணக்கைப் பரீட்சையோடு மறப்பது இதையெல்லாம்விட ஆபத்து. மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டில் ஒரு லிட்டர் சலைன் 8 மணி நேரத்தில் போக நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு, இது போனைப் பார்க்காமல் வர வேண்டும். இன்சுலினில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டுமே நம் ஊரில் உண்டு. 100 யூனிட் இன்சுலினை 40-க்கான சிரிஞ்சில், அதன் கோடுகளைப் பார்த்து ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். சந்தேகம் வந்தால் இன்னொரு ஸ்டாஃபைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

முதல் வேலைக்கான இன்டர்வியூவில் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். சீனியரோடு எத்தனை வாரம் போடுவார்கள், ஷிஃப்டுக்கு எத்தனை பேஷண்ட், தனி நைட் டூட்டி எப்போது என்றும் கேளுங்கள். முதல் வாரமே தனி நைட் என்றால், முடிந்தவரை வேறு இடம் தேடுங்கள்.